இரும்பை ஒதுக்கும் கருவி: வாட்குமிழ், புதையல் சட்டம், கண்டெடுப்பவன்

மெட்டல் டிடெக்டரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. திருகாகவோ பொத்தானாகவோ இருக்கும். பக்கத்தில் 'டிஸ்கிரிமினேஷன்' என்று எழுதியிருக்கும். பிரித்தறிதல் என்று தமிழில் சொல்லலாம், பாகுபாடு என்றும் சொல்லலாம். நம் ஊரில் இரண்டாவது சொல்தான் சட்டென்று புரியும்.

கருவி வேலை செய்கிற விதம் எளிமையானது. தட்டு மாதிரியான சுருளுக்குள் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்து, மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து பதில் புலம் ஒன்று திரும்பி வருகிறது. இரும்பு தருகிற பதில் ஒரு மாதிரி, பொன், வெள்ளி, செம்பு, ஈயம் தருகிற பதில் இன்னொரு மாதிரி. இங்கிலாந்தின் உழுநிலங்களில் நூற்றாண்டுக் கணக்காக விழுந்த ஆணி, லாடத்துண்டு, கொழுவின் முறிவு, சங்கிலிக் கண்ணி என்று இரும்பு நிறைந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் காது கொடுத்தால் இரண்டு அடிக்கு ஒரு ஆணி தோண்ட வேண்டியதுதான். ஆகவே ஆள் திருகைத் திருப்பி வைக்கிறான். இரும்பு வாயை மூடிக்கொள்கிறது. மற்றவை பேசுகின்றன.

இந்தக் கட்டுரை இடைக்கால வாள்களின் பிடி உறுப்புகளைப் பற்றியது. அவை வயல்களிலிருந்து இன்று எப்படி வெளிவருகின்றன, வந்தபின் யாருடையவை ஆகின்றன என்பதைப் பற்றியது. ஆனால் அந்தத் திருகை மனசில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் மின்னுகிற பொருளுக்கு முன்னால் ஒரு வடிகட்டல் நடந்து முடிந்திருக்கிறது. உழுதவனின் உலோகம் இரும்பு, அவனை ஆண்டவனின் உலோகம் பொன். கருவி இரண்டாவதற்குத்தான் மணியடிக்கிறது.

கருவியின் பிறப்பையும் சொல்லிவிடலாம். 1941-ல் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்துப் படையைச் சேர்ந்த யூசெப் கொசாட்ஸ்கி என்பவர் கண்ணிவெடி தேட உருவாக்கிய கருவி 1942-ல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பயன்பட்டது. போருக்குப் பிறகு மிஞ்சிய கருவிகளும் பின்னால் வந்த மலிவான மாதிரிகளும் பொழுதுபோக்காளர்கள் கைக்குப் போயின. 60களிலும் 70களிலும் பிரிட்டனில் இது ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைக் கலாசாரமாகவே வளர்ந்தது. இதே கருவியின் வாரிசுகளோடு முகமாலையில் தமிழ்ப் பெண்கள் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக வெடி தேடியதும் நமக்குத் தெரியும். அவர்களால் அந்தத் திருகைத் தொட முடியாது. ஒவ்வொரு சத்தத்தையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். வேண்டாததை ஒதுக்குகிற வசதி பொன் தேடுபவனுக்கு மட்டும்.

*

வாளின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அலகு இரும்பு அல்லது எஃகு. அதன் மேல்முனை ஒடுங்கி ஒரு குச்சியைப் போலப் பிடிக்குள் நுழைகிறது. அந்தக் குச்சியைச் சுற்றிக் கொம்போ எலும்போ மரமோ வைத்துப் பிடி அமைப்பார்கள். பிடிக்குக் கீழே ஒரு காப்பு, மேலே ஒரு காப்பு. உச்சியில், குச்சியின் நுனியை அடித்து மடக்கிய இடத்தை மூடி உட்காருவதுதான் குமிழ்.

6, 7ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் வாள்களில் இந்தக் குமிழ் உள்ளீடற்ற ஒரு சின்னத் தொப்பி, ஏறக்குறைய கட்டைவிரல் நீளம். 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அது கனத்து, சக்கரம் போலவோ பெரிய கொட்டை போலவோ உருவெடுத்து, அலகின் பாரத்துக்கு எதிர்ப்பாரமாகவும் நின்றது. முந்தைய காலத்துத் தொப்பிக்கு எடை சமன் செய்கிற வேலை அவ்வளவாக இல்லை. வாள் உறைக்குள் கிடக்கும்போது வெளியே தெரிவது பிடியும் குமிழும்தான். விருந்து மண்டபத்தில் அரசன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் யார் என்பதை அதுதான் சொல்லும். அலகு கொல்வதற்கு, குமிழ் பார்ப்பதற்கு.

வாள் எல்லோர் கையிலும் இருந்ததில்லை. அக்காலக் கல்லறைகளில் ஆயுதம் வைத்துப் புதைத்த ஆண்களோடு பெரும்பாலும் கிடைப்பது ஈட்டி. வாள் குறைவு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் அரசன் ஐனி எழுதுவித்த சட்டத்தில் ஆளுக்கு ஆள் உயிர்விலை உண்டு. 200 ஷில்லிங், 600 ஷில்லிங், 1200 ஷில்லிங் என்று படிநிலை. ஒருவனைக் கொன்றால் அவன் பிறந்த படிக்கு ஏற்றபடி உறவினருக்குக் கட்ட வேண்டும். பொற்குமிழ் வைத்த வாள் எந்தப் படிக்காரன் இடுப்பில் தொங்கியது என்று விளக்கத் தேவையில்லை.

*

2009 ஜூலையில் ஸ்டஃபோர்ட்ஷயரில், லிச்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஹாமர்விச் என்கிற ஊரின் உழுநிலத்தில், வேலையில்லாத ஒருவர் பழைய டிடெக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தேடினார். பக்கத்திலேயே ரோமானியர் போட்ட வாட்லிங் தெரு. வயலுக்குச் சொந்தக்காரர் அனுமதி கொடுத்திருந்தார். முதல் சத்தத்துக்குப் பிறகு கருவி நிற்கவேயில்லை. நாலைந்து நாளில் பை பையாகப் பொன். அதற்குப் பிறகு தகவல் போய், தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி தோண்டினார்கள். 2012-ல் அதே நிலத்தை மறுபடி உழுதபோது இன்னும் கொஞ்சம் வந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4,600 துண்டுகள். பொன் மட்டும் சுமார் 4 கிலோ, வெள்ளி 1.7 கிலோ, ஆயிரக்கணக்கில் செந்நிறக் கார்னெட் கற்கள்.

என்னை உலுக்கியது இந்த எண்கள் இல்லை. இந்தக் குவியலில் பெரும்பகுதி வாள்களின் பிடி உறுப்புகள்: குமிழ்த் தொப்பிகள், பிடியைச் சுற்றும் வளையப் பட்டைகள், காப்புத் தகடுகள். பல பத்து வாள்களின் அலங்காரம் அங்கே கிடந்தது, ஆனால் ஓர் அலகுகூட இல்லை. பெண்கள் அணிகிற ஊசிப்பதக்கமோ தொங்கலோ இல்லை, பாத்திரமும் இல்லை. மடக்கி நசுக்கிய சிலுவை உண்டு. விவிலிய வாசகத்தை லத்தீனில் பொறித்த வெள்ளிப் பட்டை ஒன்று உண்டு, அதையும் மடித்துத்தான் போட்டிருந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே அலகு இல்லாமல் போனதற்கு டிடெக்டரின் திருகு காரணமல்ல. முறைப்படி தோண்டியபோதும் அலகு வரவில்லை. அன்றைக்கே, 650-க்கும் 675-க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைப்பதற்கு முன்பாகவே, யாரோ பிடிகளிலிருந்து இவற்றைப் பிய்த்தெடுத்திருக்கிறார்கள். பல துண்டுகளில் நெம்பிய தடமும் வெட்டிய தடமும் தெரிகின்றன. நல்ல எஃகு அலகு திரும்பப் பயன்படும், வேறொரு பிடி மாட்டினால் வேறொருவனின் வாள். தோற்றவனின் அடையாளத்தை மட்டும் தனியாக உரித்து எடுத்து வைத்தார்கள். கொள்ளைப் பொருளா, உருக்குவதற்காகப் பொற்கொல்லரிடம் போகவிருந்த கழிவா, ஆபத்துக் காலத்தில் ஒளித்ததா, தெய்வத்துக்குக் கொடுத்ததா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்தில்லை. மெர்சியா அரசு அண்டை அரசுகளோடு ஓயாமல் சண்டையிட்ட காலம் அது. மெர்சியாவின் மண்ணில் கிடைத்திருந்தாலும் பல துண்டுகளின் வேலைப்பாடு கிழக்கு ஆங்கிலியாவின் பாணி.

ஊடகங்கள் இதை எப்படிப் பேசின என்று திரும்பிப் பார்த்தால், 'வேலையில்லாதவர் கோடீஸ்வரர் ஆனார்' என்கிற ஒரே கதையாடல்தான். அரசு நியமித்த மதிப்பீட்டுக் குழு வைத்த விலை 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. பர்மிங்காம், ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரங்களின் அருங்காட்சியகங்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சேர்ந்து வாங்கின. லண்டனுக்குப் போகாமல் வட்டாரத்திலேயே தங்கியது ஒரு நல்ல காரியம்.

*

விலையைப் பேசினவர்கள் உழைப்பைக் குறைவாகவே பேசினார்கள். ஒரு குமிழ்த் தொப்பியின் மேல் பொன் தகட்டைச் சுவர் சுவராக நிறுத்தி, குட்டி அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்கும் கார்னெட்டை அளந்து வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் கட்டம் கட்டமாக அச்சடித்த மெல்லிய பொன்தகடு. வெளிச்சம் கல்லை ஊடுருவிப் போய் அதில் பட்டுத் திரும்புகிறது. மண்டபத்தில் நெருப்பு வெளிச்சம்தான் உண்டு. அந்த அலையும் வெளிச்சத்தில் குமிழ் தணல் போலத் தெரியட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான் தொழிலாளி. லென்ஸ் கிடையாது.

இன்னொரு சங்கதி. இப்பொருள்களின் பொன்னைச் சோதித்தபோது, மேற்பரப்பில் பொன்னின் அளவு உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. பூச்சு என்று நினைக்க வேண்டாம். மேல்தோலிலிருந்த வெள்ளியை ஏதோ காரத்தைக் கொண்டு அரித்து வெளியேற்றி, மாற்றுக் குறைந்த பொன்னை மாற்று உயர்ந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இது ஏமாற்றா, இரண்டு நிறப் பொன்னைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வடிவம் காட்டுகிற அழகியலா என்று கேட்கலாம். இரண்டாவதற்கும் சான்று இருக்கிறது. எதுவானாலும் அரசனுக்கு முன்னால் போய் நின்ற பொன், அரசன் நினைத்ததைவிட மட்டமான பொன். எனக்கு இதில் ஒரு சிறு திருப்தி, மறைப்பானேன்.

கார்னெட் என்றால் நமக்குத் தூத்துக்குடி, நெல்லைக் கடற்கரையின் தாதுமணல் விவகாரமும் 2013-ல் வந்த தடையும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கல்லுக்கு அதைவிட நீண்ட வரலாறு உண்டு. பிரான்சில் மெரோவிஞ்சியர் காலக் கல்லறைகளில் கிடைத்த கார்னெட்டுகளை பாரீஸ் லூவ்ரில் உள்ள ஆய்வுக்கூடம் சோதித்து, அவற்றில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று காட்டியது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ் கீழைக்கடல் துறைமுகங்களைப் பட்டியலிடும்போது, காபேர் என்கிற துறையிலிருந்து 'அலபாண்டினம்' ஏற்றுமதியாவதாகச் சொல்கிறார். காபேரைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், அலபாண்டினத்தைச் செந்நிறக் கார்னெட் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் இந்த வழி தளர்ந்து, பொஹீமியாவின் பொடிக் கற்கள் ஐரோப்பியப் பட்டறைகளில் இடம்பிடித்தன. அதற்குப் பிறகும் பழைய நகைகளை உடைத்துப் பெரிய கற்களைத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்கிற கருத்தும் உண்டு. ஹாமர்விச் குமிழில் இருக்கிற கல் காவிரிக் கரையில் ஏற்றியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். பொன்னையும் கல்லையும் 'தேசியப் பொக்கிஷம்' என்று ஒரு நாட்டுக்குள் அடைக்கும்போது, கல் வெட்டியவன், கப்பலில் ஏற்றியவன், பதித்தவன் எல்லோரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

*

இனிச் சட்டம். இங்கிலாந்தின் பழைய புதையல் விதி விசித்திரமானது. பொன்னோ வெள்ளியோ ஆக இருக்க வேண்டும். புதைத்தவன் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒளித்திருக்க வேண்டும். அப்போதுதான் அது அரசுக்குச் சொந்தம். தவறித் தொலைத்ததும் பிணத்தோடு புதைத்ததும் இதில் சேராது. 1,300 வருஷத்துக்கு முன்னால் செத்தவனின் உள்ளக்கிடக்கையை விசாரித்துத் தீர்ப்பு எழுத வேண்டும். இது நகைச்சுவை இல்லை, நிஜமாகவே நடந்தது. 1939-ல் சஃபோக்கில் சட்டன் ஹூ மேட்டைத் தோண்டியபோது கப்பலோடு புதைத்த அரச கல்லறை வந்தது. பொன்னும் கார்னெட்டும் பதித்த குமிழோடு வாளும் வந்தது, உறைவாரில் கோக்கிற பிரமிடு வடிவக் குமிழ்கள் இரண்டும் வந்தன. அந்த ஆகஸ்டில் மரண விசாரணை அதிகாரியின் முன் ஜூரி உட்கார்ந்தது. ஊர் கூடிக் கப்பலை மேட்டுக்கு இழுத்துவந்து எல்லோரும் பார்க்கப் புதைத்ததை 'ஒளித்தது' என்று சொல்ல முடியாது, ஆகவே புதையல் இல்லை, எல்லாம் நிலத்துக்குச் சொந்தக்காரரான ஈடித் பிரெட்டிக்கே என்று தீர்ப்பு. அவர் அவ்வளவையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். முதலில் கப்பலைக் கண்டவர் பேசில் பிரவுன், பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டுவிட்டுத் தானாகத் தொல்லியல் கற்றவர், கூலிக்கு வேலை செய்தவர். கப்பல் பெரிசு என்று தெரிந்ததும் கேம்பிரிட்ஜ்காரர்கள் வந்தார்கள், அவர் உதவியாளர் ஆனார்.

1996-ல் புதிய புதையல் சட்டம். எண்ணத்தை விசாரிக்கிற கூத்து போயிற்று. 300 வருஷத்துக்கு மேற்பட்டது, எடையில் 10 சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ என்றால் புதையல். கண்டவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வேண்டுமென்றால் சந்தை விலைக்கு ஈடான வெகுமதி. இதில் சேராத பொருள்களை விருப்பத்தின்பேரில் பதிவு செய்ய 1997-ல் ஒரு திட்டமும் தொடங்கியது. இதுவரை 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை.

ஆனால் செம்புக் கலவையில் வார்த்த ஒற்றை வாட்குமிழ் கிடைத்தால்? 13ஆம் நூற்றாண்டுச் சக்கரக் குமிழ்களில் இப்படிப்பட்டவை உண்டு. அது புதையல் இல்லை. பதிவு செய்யலாம், செய்யாமலும் போகலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 2010-ல் கம்பிரியாவில் கிராஸ்பி கேரட்டில் ரோமானியக் குதிரைவீரனின் செம்புக்கலவைத் தலைக்கவசம் முகமூடியோடு கிடைத்தது. கார்லைல் அருங்காட்சியகம் மக்களிடம் நிதி திரட்டிப் பார்த்தது, எட்டவில்லை. ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துப் பெயர் சொல்லாத ஒருவர் கொண்டுபோனார். சட்டமும் அந்தத் திருகை மாதிரிதான் வேலை செய்தது. அது ஒதுக்கியதில் செம்பும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூலையில்தான் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் திருத்தம் வந்தது. 200 வருஷத்துக்கு மேற்பட்ட உலோகப் பொருள் வரலாற்றில் விதிவிலக்கான முக்கியத்துவம் உடையது என்றால், என்ன உலோகமானாலும் புதையல். ஆனால் உலோகம் இருந்தாக வேண்டும். மரமும் எலும்பும் மண்பாண்டமும் தனித்து நின்றால் இப்போதும் வெளியேதான்.

*

தொல்லியலாளர்களுக்கும் டிடெக்டர்காரர்களுக்கும் நடந்த சண்டையில் நான் யார் பக்கம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியவில்லை. 1980-ல் பிரிட்டனின் தொல்லியல் அமைப்புகள் சேர்ந்து டிடெக்டருக்கு எதிராக இயக்கம் நடத்தின. எங்கள் கடந்தகாலத்தை எடுக்காதே என்பது அதன் கோஷம். 'எங்கள்' என்றால் யார் என்று டிடெக்டர்காரர்கள் கேட்டார்கள். அவர்களில் பலர் தொழிலாளர்கள், பல்கலைக்கழகத்தின் படி மிதிக்காதவர்கள். அறிவதிகாரத்தை எதிர்த்த அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தொல்லியலாளரின் வாதமும் வெறும் பொறாமை கிடையாது. பொருள் கிடந்த மண்ணடுக்கு, ஆழம், பக்கத்தில் இருந்த ஆணி, சாம்பல், விதை இவையெல்லாம் சேர்ந்துதான் அதற்கு அர்த்தம். குமிழை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் மிஞ்சுவது நகை. உழவுமண்ணில் கிடப்பது ஏற்கனவே அடுக்குக் கலைந்ததுதான், உரமும் கலப்பையும் அதை அரித்துக்கொண்டிருக்கின்றன, எடுக்காவிட்டால் அழியும் என்று மறுதரப்பு சொல்வதிலும் உண்மை உண்டு.

2015-ல் லெம்ஸ்டருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வைக்கிங் காலக் குவியல் ஒன்றைக் கண்டு, யாருக்கும் சொல்லாமல் பிரித்து விற்றார்கள். 300 போல இருந்திருக்கலாம் என்று கணித்த நாணயங்களில் முப்பது சொச்சம்தான் மீண்டன. ஆல்ஃபிரெட் அரசனும், பிற்காலக் குறிப்புகளில் கைப்பொம்மையாகச் சித்திரிக்கப்பட்ட மெர்சியாவின் கியோல்வுல்ஃபும் சமமான கூட்டாளிகளாக நாணயம் வெளியிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த மீந்த காசுகளே சாட்சி. மீதிக் காசுகள் வேறென்ன சொல்லியிருக்கும்? இருவரும் 2019-ல் சிறைக்குப் போனார்கள். காசு திரும்பவில்லை.

சட்டன் ஹூவுக்குச் சில மைல் தள்ளி ரெண்டில்ஷம். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களின் தொல்லை தாங்காமல் நிலத்துக்காரர் 2008-ல் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் உள்ளூர் டிடெக்டர்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் கட்டம் கட்டமாக நிலத்தை நடந்தார்கள். கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள், பொன்னையும் கசடையும் ஒரே மாதிரி. பீட் எழுதிவைத்த அரச குடியிருப்பு அங்கேதான் என்று தெரிந்தது. 2022-ல் மண்டபத்தின் அடித்தடமும் வெளிவந்தது. பொருளைவிட இடம் முக்கியம் என்று நான்கு தொழில்முறை சாராதவர்கள் புரிந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும்.

*

பிரிட்டன் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று, நமக்குச் செய்து கொடுத்தது வேறொன்று. 1878-ல் காலனிய அரசு இயற்றிய இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளன் யாரும் இல்லையென்றால் கண்டவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் கொடுக்க வேண்டியது அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். வேலைப்பாட்டுக்கும் வரலாற்றுக்கும் விலை அந்த ஐந்தில் ஒன்றுதான். ஹாமர்விச்சின் 4 கிலோ பொன்னை இந்தக் கணக்கில் நிறுத்தினால் என்ன வரும் என்று பார்த்துக்கொள்ளலாம். கிடைத்ததை உருக்கிவிடுகிற கூலிக்காரனை அறியாமை என்று திட்டுவதற்கு முன்னால் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

1976-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்த கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிலாளி மண் தோண்டியபோது வெண்கல நடராசர் வந்தது. டிடெக்டர் இல்லை, மண்வெட்டிதான். கை மாறி மாறி லண்டனுக்குப் போய், கனடாக் கம்பெனி ஒன்று 1982-ல் அதை வாங்கியது. லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கு ஆங்கில நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்து, 1991-ல் மேல்முறையீட்டிலும் பத்தூர்க் கோயிலுக்குச் சாதகமாக முடிந்தது. இடிந்து கிடக்கிற ஒரு கோயில் ஆங்கில நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்பது பெரிய கேள்வியாக இருந்தது, முடியும் என்றார்கள். சிலை அந்த ஊருடையதுதான் என்று காட்ட, அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்றச் சிலைகளோடு அதன் உலோகக் கலவையை ஒப்பிட்டார்கள். ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் பற்றி நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். சுத்தமாகக் கழுவித் துடைத்து விற்றிருந்தால் அந்த மண் சாட்சிக்கு வந்திருக்காது.